நேற்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?

யோகநாதன் பொய் சொல்லமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு மனிதரைப் பொய்யர் என்று நீங்கள் ஏசக்கூடாது. முப்பத்தொரு வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனிக்காகப் பெட்டி எண்ணியவர். கண்ணுக்கு முன்னால் இறங்கிய பெட்டியை எழுதுவார். இறங்காததை எழுதமாட்டார். அடுத்த கப்பலில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்காவிட்டால் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கடைசியில் ஊசி முனை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆளுக்கு அறுபத்தாறு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடு. பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வீட்டில் அவரும் மனைவி பாலேஸ்வரியும் மட்டும். எட்டு மாதத்துக்கு முன் இரத்தம் சோதித்த இடத்தில் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரமே பாலேஸ்வரி சமையலறைக்குள் இறங்கினாள். சீனிப் போத்தல் நான்காம் மாடி நேசமலர் வீட்டுக்குப் போனது. வெள்ளை அரிசியும் அதன் பின்னால் படியேறியது. பொரிக்கிற தாச்சியைக் கழுவி, துடைத்து, அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்தாள். அவற்றின் இடத்துக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் பாவற்காயும் வந்தன. விடியக் காலையில் பச்சைப் பசேலென்று ஒரு கோப்பை இலைக்கஞ்சியும் வந்தது.

யோகநாதன் குறை சொல்லவில்லை. குரக்கன் பிட்டை மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். டொக்டர் சொன்னபடி ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு நடக்கவும் வெளிக்கிட்டார். சப்பாத்துக் கட்டி, தண்ணீர்ப் போத்தல் எடுத்து, "போட்டு வாறன்" என்று சொல்லி இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காலி வீதி வரைக்கும் நடந்தார். அங்கே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

கொட்டாஞ்சேனையில் பிறெடி இருந்தார். துறைமுகத்தில் இவருக்குப் பக்கத்து மேசை, இப்போது அவரும் ஓய்வுதான். பிறெடியின் மனைவி ரஜனி வீட்டிலேயே ஓடர் எடுத்துச் சாப்பாட்டு வகைகள் செய்து கொடுப்பவள். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கைக்கு ஈடு கொட்டாஞ்சேனையிலேயே இல்லை. ஓடருக்குச் செய்ததில் எப்படியும் நாலைந்து மிஞ்சும். மிஞ்சாத நாளில் மிஞ்சச் செய்வாள். மட்டன் ரோல்ஸ், பற்றிஸ், கோழிக் கொத்து ரொட்டி, முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் போட்ட வட்டிலப்பம். யோகநாதன் மின்விசிறிக்குக் கீழே இருந்து, ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் சீனி போட்ட பால் தேத்தண்ணியுமாக, பழைய துறைமுகக் கதைகளைக் கதைத்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். பாலேஸ்வரி கதவைத் திறந்துகொண்டே நடந்தீர்களா என்று கேட்பாள். ஓம், நடந்தேன் என்பார். காலி வீதி வரைக்கும் நடந்தது உண்மைதானே. சாப்பிட்டீர்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் கொட்டாஞ்சேனை கிடையாது. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. வெள்ளவத்தையில் சைவக்காரர் வீடுகளில் அது கேள்விக்கு இடமில்லாத விஷயம். வியாழக்கிழமை இரவே மீன் சட்டியைக் கழுவி ஒதுக்கிவிடுவார்கள். யோகநாதன் அன்றைக்கு நல்ல பிள்ளையாக வீட்டில் இருந்து, குரக்கன் பிட்டும் வல்லாரைச் சம்பலும் சாப்பிட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருவார். கிழமையில் ஆறு நாளும் செய்வதற்கு அந்த ஒரு நாளில் பிள்ளையாரிடம் கணக்குத் தீர்த்துவிட்டதாக அவருக்கு ஒரு எண்ணம்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் மேனுகா வந்து சேர்ந்தாள். அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களப் பெண், பல்கலைக்கழகத்தில் போசாக்குப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, அதற்கும் சீனி வருத்தத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கட்டடத்தில் மட்டும் இருபத்தாறு வீடு எடுத்திருந்தாள், வீட்டுக்கு இரண்டு பேர். தமிழை வகுப்புக்குப் போய்ப் படித்தவள் என்பதால் வானொலியில் செய்தி வாசிப்பது போலத்தான் கதைப்பாள். யோகநாதனுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அவளுடைய முறை மிகவும் கட்டுப்பாடானது. ஒருவரிடம் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், தான் சாப்பிட விரும்புவதைத்தான் சொல்லுவாராம். போன கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்றால் பாதி மறந்திருப்பாராம். ஆகவே நேற்றைக்கு மட்டும்தான் கேட்க வேண்டும், எழுந்தது முதல் படுத்தது வரை ஒன்றும் விடாமல். இப்படி மூன்று மாதம், பன்னிரண்டு முறை. கிழமை நாட்களில் அவளுக்கு ஆய்வுகூட வேலை. அதனால் சனிக்கிழமை காலையில் வந்தாள்.

சனிக்கிழமைக்கு முதல் நாள் என்ன கிழமை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அங்கிள், நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு உறங்கும் வரை உண்டவை அனைத்தையும் கூறுங்கள்" என்றாள் முதல் சனிக்கிழமை, அளவுக் கோப்பைகளையும் கரண்டிகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு.

யோகநாதனுக்குத் துறைமுகமே திரும்ப வந்துவிட்டது போலிருந்தது. விடிய ஒரு கோப்பை இலைக்கஞ்சி. கோப்பை நிறைய இல்லை, விளிம்புக்கு ஒரு விரல் கீழே. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, அகப்பையால் ஒன்றே முக்கால். பாவற்காய், பருப்பு, வல்லாரைச் சம்பல். இரவு குரக்கன் பிட்டு. மேனுகா எழுதிக்கொண்டே போனாள். பக்கத்தில் நின்ற பாலேஸ்வரி, தான் போட்டதையெல்லாம் புருஷன் அச்சுப் பிசகாமல் ஒப்புவிப்பதைக் கேட்டுப் பூரித்துப்போனாள். அவளிடமும் கேட்டபோது அதேதான் என்றாள். கடைசியாகப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நேற்று உங்களுக்கு வழமையான நாளா?

யோகநாதன் கொஞ்சம் யோசித்தார். வழமையான வெள்ளிக்கிழமைதான். ஓம் என்றார். அவள் சரி போட்டாள்.

அவர் மட்டும் இல்லை. கட்டடம் முழுக்க இதுதான் கதை. ஒரு மாதத்துக்குள் விஷயம் லிஃப்டுக்குள் வெடித்துவிட்டது. வாசற்கதவு தொடக்கம் மொட்டைமாடி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், மேனுகா ஒருத்தியைத் தவிர. ஞாயிறு தவறாமல் ஆட்டிறைச்சி காய்ச்சும் வீடுகள், விளைமீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத வீடுகள், எல்லாம் அவளுடைய படிவத்தில் முனிவர்கள் மாதிரி இருந்தன. சொல்லிவிடுவோமா என்று ஒருவர் மெல்லக் கேட்டபோது கட்டடச் சங்கத் தலைவி நேசமலர் ஒரே வெட்டாக வெட்டினாள். நேற்றைக்கு என்றுதான் கேட்கிறாள், நேற்றைக்குத்தான் சொல்கிறோம், நாலு பேருக்கு முன்னால் நல்ல பெயர் வருவதை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவளுடைய நியாயம். யோகநாதனுக்கு அந்த நியாயம் வாய்க்கு ருசியாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். பெறுபேறு வந்ததும் மேனுகா நித்திரையை இழந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வீட்டிலும் மிகச் சிறந்த சாப்பாடு யோகநாதனுடையது. இருபத்தாறு வீட்டிலும் மிகக் கெட்ட சீனி அளவும் அவருடையதுதான். ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாக இருந்த பேராசிரியருக்கோ ஒரே சந்தோஷம். இந்த மனிதரின் உடம்பில் விஞ்ஞானத்துக்கு இதுவரை தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் நம்பினார். இருந்தது ரஜனியின் வட்டிலப்பம்.

கிளினிக் டொக்டர் படிவத்தையும் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நடையும் நடக்கிறார், அப்படியென்றால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினார். வருகிற திங்கட்கிழமை தொடக்கம் இன்சுலின். நாளைக்கு இரண்டு ஊசி, வயிற்றில்.

யோகநாதனுக்குக் கதிரை சுழன்றது. கொரோனாத் தடுப்பூசி போட்ட அன்று, ஊசி தோளில் படுவதற்கு முன்னமே விழுந்து, தாதிமார் மூன்று பேர் தூக்கிப் படுக்கவைத்த மனிதர் அவர். எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும் என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். நாளைக்கு இரண்டென்றால் வருஷத்துக்கு எழுநூற்று முப்பது எறும்பு. டொக்டர் ஒரே ஒரு வார்த்தை, வெளியில் ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். படுபாவி மனிதர் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத வாய், பாலேஸ்வரி பக்கத்தில் இருக்கும்போது திறக்கவே மாட்டேனென்றது.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டிக்குள் பாலேஸ்வரி டொக்டர் எழுதிய துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பம்பலப்பிட்டி தாண்டியபிறகுதான் மெல்லக் கேட்டாள்.

"நான் எங்கையப்பா பிழை விட்டனான்?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அவள் தேங்காய்ப்பூவையும் நிறுத்திவிட்டாள். வெறும் குரக்கன் பிட்டு, மணல் மாதிரி. அடுத்த நாள் விடியக் காலையில் பார்த்தால், எங்கோ யாரோ சொன்னார்கள் என்று வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். யோகநாதன் கிட்டப் போய்ச் சொல்லிவிடுவோமா என்று நினைத்தார். ஆனாலும் உண்மையைச் சொன்னால் கொட்டாஞ்சேனை போய்விடும், சொல்லாவிட்டால் வயிற்றில் ஊசி. ரோல்ஸா ஊசியா என்று வியாழன் முழுக்க யோசித்தார். பிறெடி வீட்டில் இருந்துதான் யோசித்தார், இரண்டு பற்றிஸ் தின்றுகொண்டு.

வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை மேனுகா கடைசிக் கையெழுத்து வாங்க வந்தாள். அவளுடைய முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அடுத்த மாதம் பெரிய கூட்டமொன்றில் இந்த ஆராய்ச்சியை வாசிக்கப் போகிறாளாம். வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள் மீன் இறைச்சியைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை என்பது முக்கியமான முடிவாம். ஹோலில் நிறையப் பெரிய ஆட்கள் இருப்பார்களாம்.

யோகநாதன் பேனையை வாங்கினார். அந்த ஹோலில் ஒரே ஒரு வெள்ளவத்தைக்காரன் இருந்து விழுந்து விழுந்து சிரித்தால் இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தார். திங்கட்கிழமையையும் நினைத்துப் பார்த்தார். எது அவரைத் தள்ளியது என்று கேட்டால், ஊசிதான் கூடத் தள்ளியது. மனிதர் பொய் சொல்லமாட்டார் என்றுதான் சொன்னேன், தியாகி என்று சொல்லவில்லை. பேனையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நேற்றைக்கு வேண்டாம். முந்தநாள் நான் என்ன சாப்பிட்டனான் எண்டு கேளுங்கோ."

மேனுகா சிரித்தாள். அது முறையில்லை என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, கூறுங்கள் அங்கிள் என்றாள். அவர் கூறினார். மடை திறந்த மாதிரிக் கூறினார். வியாழன் பற்றிஸ் இரண்டு, பால் தேத்தண்ணியில் சீனி மூன்று கரண்டி, கரண்டி தட்டையாக இல்லை, கும்பமாக. புதன் கோழிக் கொத்து, ஒரு கோப்பை இறைச்சி ஆணம் தனியாக. செவ்வாய் மட்டன் ரோல்ஸ் மூன்று, ஒன்று கைக்குள் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சாப்பிட்டது. திங்கள் வட்டிலப்பம், இரண்டாம் தரமும். பெட்டி எண்ணிய மனிதர், ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல நாக்கில் ஊறியது, குரலில் கொஞ்சம் பெருமைகூட ஏறிவிட்டது.

மேனுகாவின் பேனை நின்றுபோயிருந்தது. இது எந்த வாரம் என்று கேட்டாள். எல்லா வாரமும் என்றார். அப்படியானால் இந்தக் கட்டடத்தின் மற்றவர்கள் என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். மற்றவர்களை அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று யோகநாதன் கண்ணியமாகச் சொன்னார். பிறகு மனம் கேளாமல், சனிக்கிழமை மட்டும் வரவேண்டாம் பிள்ளை, வெள்ளிக்கிழமை இங்கே ஒருவரும் மச்சம் தொடுவதில்லை என்றார்.

மேனுகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பார்த்தால், தோள் குலுங்கியது சிரிப்பில்தான். பௌர்ணமிப் போயா தினத்தில் தன்னுடைய வீட்டிலும் இப்படித்தானே, இது ஏன் தன் மூளைக்கு எட்டவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்து ஒரு புதிய தாளை எடுத்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அன்ரியுடையதையும் தனியாக.

அப்போதுதான் யோகநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரமும் திரும்பத் துணிச்சல் வரவில்லை. பாலேஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

மேனுகா கேட்டாள், வியாழக்கிழமை அன்ரி என்ன உண்டீர்கள் என்று. இலைக்கஞ்சி, சிவப்பரிசிச் சோறு, பாவற்காய், இரவு குரக்கன் பிட்டு. புதன்கிழமை? இலைக்கஞ்சி, பாவற்காய், குரக்கன் பிட்டு. செவ்வாயும் அதுவே. திங்கள் பாவற்காய் கிடைக்கவில்லை, புடலங்காய். போன மாதம்? அதற்கு முதல் மாதம்? எல்லாம் அதுதான். மேனுகா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுடைய இரத்தப் பெறுபேற்றைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஒரு வருத்தமும் இல்லை. அன்ரிக்கு நோய் இல்லையே, பின்னர் ஏன் என்று கேட்டாள்.

"அவருக்கு முன்னால இருந்துகொண்டு நான் மட்டும் ருசியாச் சாப்பிடுறதே? எனக்கு அது தொண்டைக்குள்ளால இறங்குமே, பிள்ளை?"

யோகநாதனுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. மூன்றாம் மாடி என்பதால் அதற்கும் வழியில்லை. இவளுக்குக் கணவாய்க்கறி என்றால் உயிர். பொரித்த மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. எட்டு மாதமாக மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவளின் தட்டை அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. தான் மூன்று மணிக்குப் போன பிறகு அவள் ஏதாவது பொரித்துச் சாப்பிடுவாளாக்கும் என்று, உண்மையைச் சொன்னால், அப்படிக்கூட நினைத்ததில்லை. நினைக்கவே இல்லை. அவர் கிழமையில் ஒரு நாள் வெள்ளி விரதம் பிடித்தார், அவள் ஏழு நாளும் பிடித்திருக்கிறாள். வெட்கம் காதுவரை சுட்டது.

மேனுகா உடனேயே டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். டொக்டர் மறுமுனையில் சிரித்தாராம். ஊசிக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் சீனி இறங்காவிட்டால் ஒரு கதையும் கேட்கமாட்டேன் என்றார். மேனுகா பழைய படிவம் முழுவதையும் ஒரு பையில் கட்டி வைத்துவிட்டு, அடுத்த கிழமையிலிருந்து, ஆய்வுகூட வேலையை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாளாக, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டத் தொடங்கினாள். கட்டடத்தில் முனிவர்கள் எல்லாம் ஒரே நாளில் மனிதர்களானார்கள். காட்டிக்கொடுத்தது யாரென்று நேசமலருக்குத் தெரிந்ததும் லிஃப்ட் கதவை யோகநாதனின் மூக்குக்கு நேரே சாத்தினாள். அவர் மூன்று மாடியும் படியால் ஏறினார். டொக்டர் சொன்ன உடற்பயிற்சி ஒருவழியாக அப்போதுதான் நடந்தது.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாலேஸ்வரி அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவர் கொட்டாஞ்சேனைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றார், பதில் இல்லை. இனி உமக்கு வேண்டியதைச் சமையும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார், அதற்கும் இல்லை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவர் கதிரையில் ஒடுங்கி இருந்தபோது அவள் அறைக்குள்ளிருந்து சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

"சப்பாத்தைப் போடுங்கோ. பிறெடியண்ணை வீட்டை போவம். நான் சாப்பிடப் போறன். நீங்கள் பக்கத்தில இருந்து பாருங்கோ."

அவர் சப்பாத்தைக் கட்டினார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் இருக்கை கொடுத்தார். பாலேஸ்வரியை வாசலில் கண்டதும் பிறெடிக்கு முகம் வெளிறிவிட்டது, ஏதோ சாட்டுச் சொல்லிக் குளியலறைக்குள் போனவர் வெளியே வர வெகு நேரமாயிற்று. ரஜனி கெட்டிக்காரி. ஒரு கேள்வியும் கேட்காமல் மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மட்டன் ரோல்ஸ் நாலைத் தட்டில் வைத்தாள். பாலேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புருஷனுக்கு முன்னால் நகர்த்தினாள். குரக்கன் பிட்டும் புடலங்காயும்.

முதலாவது ரோல்ஸை அவள் மெதுவாகக் கடித்தாள். சுட்டது, வாயைத் திறந்து ஊதினாள், மறுபடி கடித்தாள். இரண்டாவதை அவ்வளவு மெதுவாகச் சாப்பிடவில்லை. சேலைத் தலைப்பில் துகள் விழுந்ததைக்கூடத் தட்டிவிடவில்லை. மூன்றாவதில் மிளகாய் ஏறி மூக்கும் கண்ணும் வடிந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டு கண்ணை மூடி மென்றாள். யோகநாதன் பிட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோல்ஸைப் பார்க்கவில்லை, நம்புங்கள். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருஷத்தில் இவள் சாப்பிடும் அழகை இப்படி இருந்து பார்த்ததில்லை என்று அவருக்குப் பட்டது. கண் கலங்கிவிட்டது, அவருக்கு மிளகாய்ச் சாட்டும் இல்லை.

தட்டு வெறுமையானதும் பாலேஸ்வரி விரலை ஒவ்வொன்றாக நக்கினாள். இரண்டு நாளில் முதல்தடவையாகப் புருஷனைப் பார்த்து, பிட்டு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ரஜனி, இன்னும் ரெண்டு இருக்கோ?"